களனியாற்றை எதிர்த்து

அனோஜா பிறந்த தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரட்டைப்பாலத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய் ஒரு பிளேன்டீ குடித்து வருவதற்குள் அது தானாக உருண்டு ஓடையில் கிடக்கும். அவ்வளவு சரிவு. அங்கே ஏற்றம் ஏறுவதென்றால் ஆள் சைக்கிளைச் சுமக்க வேண்டும். இறங்குவதென்றால் அந்தோனியார்தான் ஆளைச் சுமக்க வேண்டும். அதனால் அந்தச் சனம் காலை நம்பியே வாழ்ந்துவிட்டது. அவசரத்துக்கு ஆட்டோ, அதற்கும் மேலே போனால் லொறி.

அப்படிப்பட்ட இடத்துப் பிள்ளை கொழும்பில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறாள் என்று சொன்னால் தோட்டத்தில் நம்பமாட்டார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. தெரிந்தவன் தம்பி மைக்கல் ஒருவன்தான்.

வத்தளையில் அவளுக்கு ஒரு போர்டிங் அறை. வேலை பம்பலப்பிட்டியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். இரண்டுக்கும் நடுவில் கொழும்பு முழுவதும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. விடிந்தும் விடியாமலும் கிளம்பினால் முதலில் பேலியகொடை மீன் வாடை வரும். அப்புறம் களனிப் பாலம். அப்புறம் புறக்கோட்டை, அங்கே கைவண்டி தள்ளும் நாட்டாமைமார் சாக்கு மலைகளோடு குறுக்கே பாய்ந்து, "நங்கி, பரிஸ்ஸமென்!" என்று அவளையே எச்சரிப்பார்கள். பஸ் சாரதிகள் சைக்கிள்காரர்களை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு தடவை ஹார்ன் அடித்துத் திட்டுவார்கள். ஓட்டுவது பெண் என்று கண்டதும் இன்னொரு தடவை ஹார்ன் அடிப்பார்கள். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். காலிமுகத்திடல் வந்ததும் கடற்காற்று முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு கடலோரத்து மரைன் டிரைவ். வலது பக்கம் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் தண்ணீர்.

ஆனால் அனோஜா கொழும்பில் ஓட்டவில்லை. உடம்பு கொழும்பில் ஓட்டும். மனசு ஊருக்குப் போகும் மலைத்தெருவில் போகும். பேலியகொடையைத் தாண்டும்போது அவளுக்கு அது அவிசாவளை. புறக்கோட்டை நெரிசல் எட்டியாந்தோட்டைக் கடைத்தெரு. காலிமுகத்திடல் காற்று வந்தால் கித்துள்கலை வந்துவிட்டது என்று அர்த்தம். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்காக ஒரு காலை ஊன்றி நிற்கும்போது கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சு வாங்குவாள். சுற்றிலும் ஆட்டோக்கள் புகை கக்கும். அதை மூடுபனி என்று வைத்துக்கொள்வாள். பம்பலப்பிட்டிக்கு வரும்போது வட்டவளை, ஹட்டன், டிக்கோயா எல்லாம் கடந்திருக்கும். கடையின் இரும்புக் கதவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்தில் லயத்துக் கதவு திறக்கும். அம்மா வெளியே வருவாள். வந்து ஏதோ சொல்வாள்.

அங்கேதான் கனவு ஒவ்வொரு நாளும் உடைந்தது. அம்மாவின் வாய் அசைவது தெரியும். சேலைத் தலைப்பு, முன்பல்லில் இருந்த சின்ன இடைவெளி, எல்லாம் தெரியும். குரல் மட்டும் வராது. ஆரம்பத்தில் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. போகப் போக மங்கிவிட்டது. தன்னைப் பெற்றவளின் குரல் எப்படி இருக்கும் என்பது தனக்கு மறந்துகொண்டு வருகிறது என்று ஒருநாள் அந்தக் கதவு வாசலில் நின்று அவளுக்குப் புரிந்தது. அன்று முழுவதும் வாடிக்கையாளர்களிடம் அவள் கொடுத்த கண்ணாடிகள் எல்லாம் ஏதோ ஒரு பக்கம் கோணலாகவே நின்றன.

அம்மா சிசிலி அவளோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருடத்து ஜூலையில் அப்பா சூசைரட்ணம் செத்துப்போனார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர். காலையில் வேலைக்குப் போக எழுந்தவர் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். மைக்கல் அழைத்துச் சொன்னபோது மத்தியானம். அனோஜா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கோட்டை ரயில் நிலையத்துக்கு ஓடினாள். ரயில் இல்லை. பஸ் நிலையத்தில் சனம் இருந்தது, பஸ் இல்லை. அன்று இரவும் மறுநாள் பகலும் அவள் அங்கேயே நின்றாள். மறுநாள் சாயங்காலம் மரக்கறி இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பிய ஒரு லொறிக்காரர் மனமிரங்கி ஏற்றிக்கொண்டார். வழியில் டீசலுக்கு வரிசையில் நின்று நின்று, விடிந்த பிறகுதான் தோட்டத்து வாசலில் இறங்கினாள். அப்பாவை முந்தின நாள் பின்னேரமே அடக்கம் செய்திருந்தார்கள்.

"ஒங்கம்மா பெட்டிய மூட விடல புள்ள," என்று லயத்துச் சனம் அவளைச் சுற்றி நின்று சொன்னது. "எம் மக வருவா, எம் மக வருவான்னு மூடியப் புடிச்சிக்கிட்டு நின்னா. செபம் சொல்ல வந்த சாமியாரையும் காக்க வச்சிட்டா."

அனோஜா உள்ளே போனாள். அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா அவளைப் பார்த்தாள், எழுந்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. சோறு போடுவாள், பிளேன்டீயைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள், குளித்துவிட்டு வந்தால் துவாயை எடுத்து நீட்டுவாள். வாய் மட்டும் திறக்காது. நத்தார்ப் பண்டிகைக்குப் போனபோதும் அதே கதைதான். தட்டில் கேக் இருந்தது, பலகாரம் இருந்தது, பேச்சு இல்லை. மைக்கல் போனை அம்மாவின் காதில் பிடித்தால் இந்தப் பக்கம் அனோஜாவுக்குக் கேட்பது மூச்சும் கோழிச் சத்தமும்தான். அக்கா பேச்சை அவன் எடுத்தாலே அம்மா எழுந்து விறகு பிளக்கப் போய்விடுவாளாம்.

கோபம் என்று அனோஜா முடிவு கட்டிக்கொண்டாள். ஊருக்கு முன்னால் அம்மா மகளை நம்பி நின்றாள்; மகள் அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டாள். வேறு என்னவாக இருக்க முடியும்?

பஞ்சிகாவத்தையில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை அவள் வாங்கியது அப்பா செத்த அடுத்த மாதம். ஊரெல்லாம் வண்டிகள் வரிசையில் செத்துக்கிடந்தன. தெருக்கள் காலியாக இருந்தன. கூட வேலை செய்த பிரியந்தி பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, அனோஜா விழுந்து எழுந்து பழகினாள். முழங்காலில் தோல் போனபோது அவளுக்கு வலியைவிட ஆத்திரம்தான் வந்தது. இதை ஒரு மாதம் முன்னால் பழகியிருந்தால்? அந்தக் கேள்வி அன்றிலிருந்து அவளோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டது. பெற்றோல் திரும்பி வந்தது, கூட வேலைசெய்தவர்கள் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள், அவள் மட்டும் இறங்கவில்லை.

அப்பாவின் இரண்டாவது ஆண்டுத் திருப்பலிக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றபோது பிரியந்தி, "ட்ரெயின்ல போ, ஜன்னல் சீட் புடிச்சித் தாறேன்," என்றாள். ரயில் என்றால் ஒரு நாள்கூட ஆகாது. அவ்வளவு சீக்கிரத்தில் அம்மாவின் முன்னால் போய் நிற்க அனோஜாவின் முகம் தயாராகாது. போன வருடம் அதற்குப் பயந்துதான் நாவலப்பிட்டியில் இறங்கித் திரும்பி வந்தாள். சைக்கிளில் போனால் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதற்குள் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். பைத்தியக்காரக் கணக்குத்தான். ஆனால் சொல்ல வேண்டிய விதத்தில் யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

களனிப் பாலத்தில் அன்று அவள் கொழும்புப் பக்கம் திரும்பவில்லை. பாலத்தடியில் ஆறு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. மலையில் மழை. அவர்கள் லயத்துத் தகரக் கூரையில் விழுகிற தண்ணீர் பீலிக் குழாயில் வடிந்து, ஓடையில் இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கொஞ்ச நாள் இளைப்பாறி, அப்புறம் மலையை விட்டு இறங்கி, கடைசியில் இந்தப் பாலத்தடிக்குத்தான் வந்து சேரும். தினமும் வேலைக்குப் போகும்போது அவள் தாண்டிப் போனது சொந்த வாசல் தண்ணீரைத்தான். இன்றைக்கு அந்தத் தண்ணீர் வந்த வழியே மேலே போனால் போதும், வழி கேட்க வேண்டியதில்லை.

ஊர் பின்னால் போகப் போக ஹார்ன் சத்தம் குறைந்தது. அவிசாவளை வரும்போது, இது பேலியகொடை மாதிரி இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது, தனக்குள் சிரித்துக்கொண்டாள். இத்தனை நாள் அங்கே இருந்துகொண்டு இங்கே வந்தாள், இப்போது இங்கே இருந்துகொண்டு அங்கே போகிறாள். இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. எட்டியாந்தோட்டையில் ஒரு கடைக்காரர் அவளுக்கு வெறும் தேநீரும் கடிக்க ஒரு கட்டி சக்கரையும் கொடுத்து, "கொஹேத யன்னே?" என்று கேட்டார். ஹட்டனுக்கு என்றாள். அவர் சைக்கிளைப் பார்த்தார், மலைப் பக்கம் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியிலிருந்து இன்னொரு கட்டி சக்கரையை எடுத்து அவள் கையில் வைத்தார். கித்துள்கலையில் ஆற்றோரமாக ஒரு அறை எடுத்துத் தங்கினாள். தலையணையில் காதை வைத்தால் ஆறு பேசியது.

மறுநாள் ஏற்றம். கினிகத்தேனைக்குப் போகும் அந்தத் தெருவைச் சைக்கிளில் ஏறியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். வளைவு முடிந்தது என்று நினைத்தால் அதற்குப் பின்னால் இன்னொரு வளைவு இளித்துக்கொண்டு நிற்கும். தொடை எரிந்தது. மழை பெய்து, விட்டு, மறுபடி பெய்தது. முன்னால் இருந்த தெருவை மூடுபனி எடுத்துக்கொண்டது; சக்கரத்துக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தார் தெரிந்தது. எங்கே போகிறோம் என்பது மறந்துபோனது. கால் தானாக மிதித்தது. மிதிக்க மிதிக்க, அப்பா பக்கத்தில் நடந்து வருகிற மாதிரி இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வருகிற அந்தப் பச்சைத் தேயிலை வாசம்கூட வந்தது. பயமாக இல்லை. 'அன்னைக்கு இப்புடிக் கெளம்பியிருந்தா வந்துருப்பேனாப்பா?' என்று கேட்டாள்.  அவர் உயிரோடு இருந்தபோதும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் இல்லை.

வட்டவளைக்கு வந்தபோது அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் மிதித்துப் பழகிய கால் இது. இதற்கே நேற்று ஒரு பகல் முழுவதும் போய், இன்றும் பாதிப் பகல் போய்விட்டது. அன்றைக்கு அந்த மத்தியானம் கிளம்பியிருந்தால், பெட்டி மூடிய நேரத்தில் கினிகத்தேனையில் எங்காவது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருப்பாள். வந்திருக்க முடியாது. எப்படியும் முடியாது. பின் சீட்டிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது போல சைக்கிள் லேசானது. அவள் தெருவோரத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதாள். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் தெரியவில்லை. கேட்காதவளிடம் என்ன பதில் சொல்ல?

ஹட்டனில் நிற்காமல் டிக்கோயாவைத் தாண்டினாள். மழை தூறலாகிவிட்டது. இரட்டைப்பாலத்துக்குத் திரும்பும் முன்னால் தெரு ஒரு பெரிய வளைவு எடுக்கும். அந்த வளைவிலிருந்து கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். வெள்ளைக்காரர்கள் வேனை நிறுத்துகிற இடம் அது. தண்ணீரைப் படம் எடுப்பார்கள். பிறகு திரும்பி, மேட்டில் கொழுந்து எடுக்கிற பெண்களைப் படம் எடுப்பார்கள். பெண்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிலர் எதையாவது கையில் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு இது பிடிக்காது. 'கொழுந்து எடுக்க வந்தோமா, பல்லக் காட்ட வந்தோமா' என்று மற்றவர்களைக் கடிந்துகொண்டு, வேன் வந்தாலே முதுகைக் காட்டி நிற்பாள். அனோஜாவுக்கு அந்த முதுகு நன்றாக ஞாபகம் இருந்தது.

வளைவில் அவள் சைக்கிளை நிறுத்தியது தண்ணீர் குடிக்கத்தான். தலையில் ஹெல்மெட். கண்ணில் மழைக்கு மாட்டிய பெரிய கண்ணாடி, அவள் வேலை செய்யும் கடைச் சரக்கு. மூக்குவரை இழுத்துவிட்ட துணி. மஞ்சள் மழைக்கோட்டு, கையில் உறை, முழங்கால்வரை சேறு. அந்தக் கோலத்தில் அவளைப் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோமே, அது அன்றைக்கு அப்படியே நடந்தது.

"ஹலோ மேடம்! போட்டோ?"

மேட்டிலிருந்து இடுப்பில் தார்ப்பாய்ப் படங்கு கட்டிய ஒரு பெண், கூடையோடு சறுக்கிச் சறுக்கித் தெருவுக்கு இறங்கி வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. முன்பல்லில் சின்ன இடைவெளி.

அனோஜாவின் கையிலிருந்த போத்தல் நழுவித் தெருவில் உருண்டது. குரல். இதுதான் குரல். கொஞ்சம் கட்டைக் குரல், கடைசியில் மேலே தூக்கும். எப்படி மறந்தது இது?

"விச் கன்றி மேடம்?" என்றாள் சிசிலி. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பழகிய ஆள் மாதிரி அணைக்கட்டுப் பக்கமாகத் திரும்பி நின்றாள். "எடு எடு. நல்லா எடு."

மேட்டில் நின்ற சண்முகவடிவு சத்தமாகச் சிரித்தாள். சிசிலியோடு ஒரே நிரையில் கொழுந்தெடுக்கிற பெண் அவள். "ஆரம்பிச்சிட்டாய்யா பாவசங்கீர்த்தனம்! ஏ சிசிலி, கோயில்ல பாவத்தக் கேக்க சாமியாரு சும்மாதான குந்தியிருக்காரு. வாற போற வெள்ளக்காரிக்கிட்ட எல்லாம் ஒப்பாரி வைக்கிறியே, அதுக்கு என்னா வெளங்கப் போவுது?"

"வெளங்காததுனாலதாண்டி சொல்றேன்," என்றாள் சிசிலி, சிரிப்பு கலையாமல். "சாமியாருக்கு வெளங்கிருமே. அவரும் அங்கதான நின்னாரு."

அனோஜா போனை எடுத்து உயர்த்தினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரையில் அம்மா சின்னதாகத் தெரிந்தாள்.

"எனக்கும் ஒன்ன மாதிரி ஒரு புள்ள இருக்கும்மா," என்று சிசிலி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள். படம் எடுப்பவர்களிடம் நலம் விசாரிக்கிற தொனி. தூரத்திலிருந்து பார்த்தால் மழையைப் பற்றியோ தேயிலையைப் பற்றியோ பேசுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். "கொழும்புல இருக்கு. கண்ணாடிக் கடையில. இப்புடித்தான் ஒசரமா இருக்கும். அதுக்கிட்ட நான் பேசுறதில்ல. ரெண்டு வருசமாப் பேசல."

 வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் தலையை ஆட்டுவார்கள் போலிருக்கிறது. சிசிலி ஒரு கணம் நிறுத்திப் பார்த்தாள். அனோஜா தலையை ஆட்டினாள்.

"எம் புருசன் செத்தப்ப பெட்டிய மூட விடாம நான் தடுத்தேன்னு ஊரே சொல்லும். தடுத்தேன், இல்லேங்கல. மத்தியானம் வரைக்கும் தடுத்தேன். அப்புறம் மழ புடிச்சிக்கிச்சி. தூக்குற பயலுவ எல்லாம் டீசல் வரிசைக்குப் போவணும்னு முணுமுணுக்குறானுவ. எல்லாரும் எம் மொகத்தையே பாக்குறாங்க. நாந்தாம்மா சொன்னேன். 'அவ வரமாட்டா, மூடுங்க'ன்னு என் வாயால நாந்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லல." கொழுந்தைப் பிடித்திருந்த கை கன்னத்தைவிட்டு இறங்கவில்லை, சிரிப்பும் இறங்கவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. "ஒரே ஒரு ராத்திரி. காலைல வந்து வாசல்ல நிக்கிதும்மா எம் புள்ள. செருப்பு அந்துபோயி, தல கலஞ்சி. அது மொகத்த நான் எப்புடிப் பாக்குறது? வாயத் தொறந்தா அழுதுருவேன். அழுதா சொல்லிருவேன். சொன்னா அது என்னைய அம்மான்னு கூப்புடுமா? அதான் பேசல. போதும், எடுத்திட்டியா? நைஸ் போட்டோ?"

தூறல் நீர்த்தேக்கத்தின் மேல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. எதிர்க்கரை மலை பனிக்குள் இருந்தது, இல்லாமலும் இருந்தது. அனோஜாவுக்குத் தான் இன்னும் கொள்ளுப்பிட்டிச் சிவப்பு விளக்கில் நிற்கிறோமோ என்றிருந்தது. யாராவது பின்னாலிருந்து ஹார்ன் அடித்தால் இதெல்லாம் கலைந்துபோகும்.

அவள் இப்படியே போய்விடலாம். வெள்ளைக்காரியாகவே தலையாட்டிவிட்டு ஏறி மிதித்து, வேறு வழியாகச் சுற்றி லயத்துக்குப் போய்விடலாம். குரல் கிடைத்துவிட்டது, இனி மறக்காது. துணியை இறக்கினால் இந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும், ஒருவேளை ஒரேயடியாக. அம்மா இரண்டு வருடம் காத்து வைத்ததைத் திருடிக் கேட்டவள் என்று ஆகிவிடும். ஒரு மிதி மிதித்தால் போதும்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணாடியைக் கழற்றினாள். துணியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"எந்த நாடுன்னு கேட்டீங்களேம்மா," என்றாள். "இந்தத் தோட்டந்தான். ரெண்டாம் லயம்."

சிசிலியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதை எடுத்து எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொழுந்து கையிலிருந்து விழுந்தது. பிறகு அவள் திரும்பினாள். கூடையோடு மேட்டில் ஏறப் போனாள். ஈர மண்ணில் கால் வழுக்கியது. மறுபடி ஏறினாள், மறுபடி வழுக்கியது. மேலே சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அனோஜா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்கம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டேன். மூடச் சொன்னா அதுக்கென்னம்மா. மழைல அப்பாவ எத்தன நேரந்தான் போட்டு வச்சிருப்பீங்க? நானா இருந்தாலும் மூடத்தான் சொல்லியிருப்பேன்." கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அப்பா மொகம் எனக்கு எங்கயும் போகாதும்மா. கண்ண மூடுனா வருது. நேத்துலருந்து கூடவே வாறாரு. உங்க கொரல்தாம்மா மறந்துக்கிட்டு வந்துச்சி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா மறந்துச்சி. என்னைய ஏசுங்க, அடிங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

சிசிலி திரும்பவில்லை. கூடைக் கயிறு அனோஜாவின் கையில் இறுகியது, தளர்ந்தது.  கீழே ஒரு பஸ் மூச்சிரைத்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனது. அதன் ஜன்னல்களிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஹட்டன்லருந்தா இதுல வந்த?" என்றாள் சிசிலி, மண்ணைப் பார்த்து.

"இல்லம்மா. கொழும்புலருந்து."

"கொழும்புலருந்தா!" சிசிலி சடாரென்று திரும்பினாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, சுவரும் இல்லை. "கொழும்புலருந்து இந்த ரெண்டு சக்கரத்துலயா வந்த? ஒனக்குப் புத்தி இருக்கா? கினிகத்தேன வளைவுல லொறிக்காரன் என்னா வேகத்துல வருவான்னு தெரியுமா ஒனக்கு? ஒரு லொறி தட்டியிருந்தா நான் என்னடி பண்ணுவேன்? ஒங்கப்பனுக்காவது ஊரு இருந்துச்சி தூக்க..." குரல் உடைந்தது. அவள் அதை விடவில்லை. உடைந்த குரலிலேயே மேலே பேசினாள். "தல என்னா இப்புடி நனஞ்சிருக்கு? இந்தத் தொப்பிய எவன் வாங்கித் தந்தான்? மழைக்கு ஒதவாத தொப்பி ஒரு தொப்பியா? சண்முகவடிவு, இந்தா என் கூடை, இதையும் சேத்துத் தராசுல நிறுத்திரு, கங்காணி கேட்டா எம் மக வந்துட்டான்னு சொல்லு. அந்தச் சைக்கிளத் தூக்குடி, நடுத் தெருவுல போட்டு வச்சிருக்க. பஸ்ஸு ஏறிரப் போவுது."

அனோஜா சைக்கிளைத் தூக்கினாள். லயத்துக்குப் போகிற பாதையில் சைக்கிள் ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். அவள் ஹாண்டிலைப் பிடித்து முன்னால் இழுத்தாள், அம்மா பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே பேசினாள். மைக்கல் அடுப்புக்கு ஈர விறகு கொண்டுவந்த கதை, கோழி கூண்டை விட்டுப் போன கதை, பீலித் தண்ணீருக்கு இரண்டாம் லயமும் மூன்றாம் லயமும் சண்டை பிடித்த கதை, அப்பா கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறம், பெட்டிக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது, மறுபடி அந்தத் தொப்பி. மூச்சு வாங்க நின்ற இடங்களிலும் அவள் நிறுத்தவில்லை. அனோஜா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.